பொழுதோட பழைய வண்டியில பொள்ளாச்சி – திருமூர்த்தி அணை: இருட்டுக்கு முன்னாடி என்னென்ன பாக்கோணும்?

#1 கிணத்துக்கடவு_கியர்

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஆடி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை பொழுதோட ஏழு வண்டி சேர்ந்து கிளம்பறதா இருக்குது. வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350 ரெண்டு (ரெண்டுமே வலது கால் கியர்), யெஸ்டி 250 மூணு (ரெண்டு 6 வோல்ட், ஒண்ணு 12 வோல்ட்), ஆர்.எக்ஸ்.100 ஒண்ணு, ராஜ்தூத் 350 ஒண்ணு. பொள்ளாச்சியில 4:30க்கு எடுத்து, உடுமலை, தளி வழியா திருமூர்த்தி அணை. அங்க டீ. 8:30க்குள்ள திரும்பப் பொள்ளாச்சி. போக வர சுமார் 100 கிலோமீட்டர்.

6 வோல்ட் லைட்டை நம்பி ராத்திரி வரலாமா? இப்ப பங்க்ல வர்ற இ20 (20 சதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கு ஆயில் கலவையை மாத்தோணுமா? யார் முன்னாடி, யார் பின்னாடி?

இன்னொண்ணுங்க. யெஸ்டியில ஒண்ணு 15 கிலோமீட்டர் ஓடுனதும் இழுவை குறைஞ்சு நின்னு போகுது. அஞ்சு நிமிஷம் விட்டா மறுபடி ஸ்டார்ட் ஆகுது. பிளக், பாயிண்ட் (பொறிக்காகக் கரண்ட்டை வெட்டி விடற முனை) ரெண்டும் புதுசு.

#2 ஆறுவோல்ட்

தம்பி, முதல்ல நேரத்தைக் கணக்குப் போடுங்க, லைட்டு அப்புறம். ஏழு பழைய வண்டி சேர்ந்து போனா முள்ளு 45ல நின்னாலும் சராசரி 35க்கு மேல வராது. 50 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம். நடுவுல ஒருக்கா நின்னு எல்லாரும் வந்தாச்சான்னு பாத்தா அணைக்குப் போய்ச் சேர 6:05 ஆயிரும். டீக்கு அரை மணி. 6:35க்குக் கிளம்பறீங்க. ஆடியில நம்ம பக்கம் 6:45, 6:50 வாக்குல பொழுது விழுகும். அதுக்கு மேல இருபது நிமிஷம்தான் மங்கல் வெளிச்சம். உடுமலைக்குள்ள வர்றதுக்குள்ள இருட்டு கட்டிரும். மிச்சம் முப்பது கிலோமீட்டரும் எதிர்ல லாரி லைட்டைப் பாத்துக்கிட்டேதான் வரோணும்.

இப்ப லைட்டுக்கு வர்றேன். 35 வாட் பல்பு 12 வோல்ட்டுல 3 ஆம்பியர் கூட இழுக்காது. அதே 35 வாட் 6 வோல்ட்டுல கிட்டத்தட்ட 6 ஆம்பியர். ஹோல்டர், சுவிட்ச், எர்த் எல்லாத்துலயும் சேர்ந்து 0.2 ஓம் துரு இருந்தா போதும், 1.2 வோல்ட் அங்கயே தீர்ந்துரும். 12 வோல்ட் வண்டிக்கு அது பெருசாத் தெரியாது. 6 வோல்ட்டுக்கு அது அஞ்சுல ஒரு பங்கு. இழை பல்புல வோல்ட்டேஜ் அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சா வெளிச்சம் பாதிக்கும் கீழ போயிரும். "யெஸ்டி லைட்டுன்னா அகல் விளக்கு"ன்னு சொல்றாங்கல்ல, பாதிப் பழி அந்தத் துருவைச் சேரோணும்.

செய்ய வேண்டியது: ஹெட்லைட் சட்டியைக் கழட்டுங்க. பல்பு ஹோல்டர்ல இருந்து பேட்டரியோட எர்த் முனைக்கு நேரா ஒரு வயர் போடுங்க, 2.5 சதுர மில்லிமீட்டர். பழைய வண்டியில எர்த் ஹேண்டில் பார் கூம்பு பேரிங் வழியாத்தான் போகும். கிரீஸும் துருவும் சேர்ந்த இடத்துல கரண்ட் என்னத்தைப் போகும்? ஹோல்டர் அடியில இருக்கற பித்தளைக் குமிழை எமரி பேப்பர்ல ரெண்டு தேய்ப்பு. அப்புறம் எஞ்சினை ஓட்டி, லைட்டைப் போட்டு, மல்டிமீட்டர்ல பேட்டரி முனையில ஒரு தடவை, பல்பு முனையில ஒரு தடவை அளந்து பாருங்க. வித்தியாசம் 0.5 வோல்ட்டுக்குள்ள இருக்கோணும். தாண்டுச்சுன்னா சுவிட்சுல தேடுங்க.

45 வாட் டைனமோ உள்ள வண்டின்னா இன்னொரு கணக்கும் இருக்குது. ஹெட்லைட் 35, பின் விளக்கு 5, பிளக்குக்குப் பொறி குடுக்கற காயில் 15க்குக் குறையாது. மொத்தம் 55. அதாவது லைட்டைப் போட்ட நேரத்துல இருந்து பேட்டரி மெல்ல இறங்கிட்டே வரும். பிரேக் லைட்டு, ஹாரன் சேந்தா இன்னும் வேகமா. பேட்டரி நல்லா இருந்தா ஒரு மணி நேரம் தாங்கும். கிழட்டு பேட்டரின்னா லைட்டுக்கு முன்னாடி பொறி செத்து வண்டி நிக்கும். பின் விளக்கை மட்டும் 6 வோல்ட் எல்.இ.டி.யா மாத்துனா அந்த 5 வாட் ஒரு வாட்டுக்கு இறங்கிரும், பின்னாடி வர்றவனுக்கும் பளிச்சுன்னு தெரியும். அதை மட்டும் கட்டாயம் செய்ங்க.

#3 காத்தாடிக்காடு

ஆறுவோல்ட் அண்ணா சொன்ன நேரக் கணக்குல காத்தைச் சேர்க்கலை. ஆடிக் காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியா மேக்க இருந்து கிழக்க அடிக்குது. பொள்ளாச்சியில இருந்து உடுமலை போறப்ப முதுகுல காத்து. சுகமா இருக்கும், ஆனா காத்துல குளுரோணுமில்ல எஞ்சின்? 45ல போற வண்டிக்குப் பின்னாடி இருந்து 30ல காத்து அடிச்சா சிலிண்டர் துடுப்புக்கு வர்றது 15தான். டூ ஸ்ட்ரோக் (புல்லட் தவிர மத்த அஞ்சும்) சூடேறிக்கும். திரும்பறப்ப எதிர்காத்து. எஞ்சின் குளுரும், ஆனா அதே 45க்கு ஆக்சிலேட்டரைக் கூடத் திருகோணும், பெட்ரோலும் கூடக் குடிக்கும். போறதுக்கு ஆன பெட்ரோலை வெச்சு வர்றதுக்குக் கணக்குப் போடாதீங்க. ஒண்ணரை மடங்கு வெச்சுக்கோங்க.

கரண்ட் எடுக்கற காத்தாடி நிக்கற பொட்டல்ல தென்னந்தோப்பு முடியற இடம்தான் ஆபத்து. தோப்பு ஓரம் வரைக்கும் காத்து இருக்காது, தாண்டுன உடனே பக்கவாட்டுல ஒரு தள்ளு. புல்லட் கனத்துல நிக்கும். ஆர்.எக்ஸ்.100 நூறு கிலோ சொச்சம்தான், அரை ரோடு நகத்திரும். தோப்பு முடிவு கண்ணுக்குத் தெரிஞ்ச உடனே பக்கத்துல யாரும் வராம ஒத்தை வரிசைக்கு வந்துருங்க.

#4 கிணத்துக்கடவு_கியர்

அப்ப 3:30க்கே கிளம்பி, 5:30க்கு அணையை விட்டுட்டா இருட்டுக்கு முன்னாடி வந்தரலாமுங்களா?

#5 காத்தாடிக்காடு

வந்தரலாம், ஆனா கண்ணு தெரியாம வருவீங்க. ஆடியில சூரியன் நேர் மேக்குல விழுகறதில்லை, சித்த வடக்க தள்ளித்தான் விழுகும். உடுமலையில இருந்து பொள்ளாச்சி ரோடும் அச்சா அதே திசை. ஆறு மணிக்கு உடுமலையை விட்டீங்கன்னா பொழுது விழுகற வரைக்கும், கோமங்கலம் தாண்டியும் சூரியன் மூஞ்சிலயே இருக்கும். பழைய ஹெல்மெட் கண்ணாடியில கீறல் இருந்தா முன்னாடி போற டிராக்டர் டிரெய்லரே தெரியாது.

போறப்பவும் ஒண்ணு கவனிங்க. சூரியன் உங்க முதுகுல இருக்கறப்ப உங்களுக்கு எல்லாம் தெளிவாத் தெரியும். எதிர்ல வர்றவனுக்கு உங்களைத் தெரியாது. அவன் ஏறி வருவான். பகல்லயே லைட்டைப் போட்டுக்கிட்டுப் போகோணும், ஆனா 6 வோல்ட் வண்டி போட்டா பேட்டரி போகும். அதனால 12 வோல்ட் யெஸ்டி முன்னாடி போகட்டும்.

என் யோசனை: ஆடியில திருமூர்த்தி வேண்டாம், ஆழியாறு போங்க. பொள்ளாச்சியில இருந்து கோட்டூர் வழியா சுமார் 24 கிலோமீட்டர், ரோடு தெக்கால போகுது. போறப்ப சூரியன் வலது தோள்ல, வர்றப்ப இடது தோள்ல. காத்தும் பக்கத்துலதான், வழி நெடுக மரமும் தோப்பும் தடுக்கும். திருமூர்த்தியை மாசிக்கு வெச்சுக்கோங்க. அப்பவும் பொழுது விழுகறது 6:30 வாக்குல, காத்து கிடையாது, மழை கிடையாது. கார்த்திகையில போகாதீங்க, ஆறு மணிக்கே இருட்டிரும்.

பொள்ளாச்சி – உடுமலை – பழனி ரோடு பழைய வண்டிக்காரங்க மதிச்சு ஓட்ட வேண்டிய ரோடுதான், அதை நான் குறைச்சுச் சொல்லலை. ஜி.டி. நாயுடு 1920ல தன்னோட முதல் பஸ்ஸைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுலதான் விட்டார். அந்த ரோட்டை வெளிச்சத்துல, நிதானமா ஓட்டோணும்கறதுதான் என் ஆசை.

#6 மஞ்சிமில்_யெஸ்டி

நின்னு போற யெஸ்டிக்கு வர்றேன். 15 கிலோமீட்டர், அஞ்சு நிமிஷம் ஓய்வு, மறுபடி ஸ்டார்ட். இதைக் கேட்ட உடனே டேங்க் மூடியைப் பாருங்க. மூடியில காத்துப் போற சின்னத் துளை இருக்கும். பாலிஷ் மாவும் தூசியும் சேர்ந்து அது அடைச்சுக்கும். பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள்ள வெற்றிடம் ஆகி, கார்பரேட்டருக்கு வர்றது நூலாட்டம் ஆயிரும். கலவை மெலிஞ்சு (பெட்ரோல் குறைஞ்சு காத்து கூடி), இழுவை போய், அப்புறம் நிக்கும். அஞ்சு நிமிஷத்துல காத்து உள்ள கசிஞ்சு சரியாயிரும். டூ ஸ்ட்ரோக்குக்கு இது வெறும் தொந்தரவு இல்லைங்க. பெட்ரோலோடதான் ஆயிலும் வருது. பெட்ரோல் குறைஞ்சா ஆயிலும் குறையும், பிஸ்டன் புடிச்சுக்கும்.

நின்ன உடனே மூடியைத் திறங்க. "உஸ்"ஸுன்னு காத்து இழுத்தா அதேதான்.

#7 பாயிண்ட்செட்

மூடியா இருக்கலாம். ஆனா காயிலும் கண்டென்சரும் இதே மாதிரி நாடகம் ஆடும். காயில் சூடேறுனா உள்சுத்துல கசிவு வந்து பொறி போகும், ஆறுனா திரும்ப வரும். பாயிண்டையும் பிளக்கையும் புதுசா மாத்திட்டு, கண்டென்சரைப் பழசாவே விட்டுர்ற வழக்கம் நம்மகிட்ட நிறையா இருக்குது. அதனால தப்பு எதுல இருக்குதுன்னு ரோட்டுலயே பிரிச்சுப் பாக்கோணும்.

வண்டி நின்ன உடனே, கிக் அடிக்கறதுக்கு முன்னாடி, பிளக்கைக் கழட்டிப் பாருங்க. காஞ்சு கிடந்தா பெட்ரோல் பிரச்சனை: மூடி, காக் (டேங்க் அடியில இருக்கற பெட்ரோல் திருகு), வடிகட்டி ஜாலி, ஃப்ளோட் ஊசி. நனைஞ்சு கிடந்தா பொறி பிரச்சனை. நனைஞ்சதுன்னா வேற நல்ல பிளக்கைத் தொப்பியில மாட்டி, சிலிண்டர் துடுப்புல சாய்ச்சு வெச்சு, பிளக் ஓட்டையைத் துணியால மூடிட்டு கிக் அடிங்க. நீலமா, "டக்"குன்னு சத்தத்தோட பொறி வந்தா நல்லது. மஞ்சளா நூலாட்டம் வந்தா காயில். அதே நேரம் பாயிண்ட் மூடியைத் திறந்து பாருங்க, பாயிண்ட் முனையில பெருசா நீலப் பொறி தெறிச்சா கண்டென்சர் போச்சு. நல்ல கண்டென்சர்னா அங்க கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாமத்தான் ஒரு பொட்டு இருக்கும்.

புது பாயிண்டுக்கு இன்னொரு சங்கதி. கேம் மேல உரசற ஃபைபர் கட்டை முதல் நூறு இருநூறு கிலோமீட்டர்ல தேயும், இடைவெளி குறையும், டைமிங் நகரும். கேம் ஃபெல்ட்டுல ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, 0.40 மில்லிமீட்டர்ல வெச்சு ஓட்டி, கிளம்பற அன்னிக்குக் காலையில ஃபீலர் கேஜை மறுபடி போட்டுப் பாருங்க. பாயிண்ட் முகத்துல விரல் படக்கூடாது. பட்டா வெள்ளைத் தாளை நடுவுல விட்டு இழுங்க, கறுப்பு வர்றது நிக்கற வரைக்கும்.

#8 கிணத்துக்கடவு_கியர்

நேத்து ஓட்டிப் பாத்தாச்சுங்க. நின்னப்ப மூடியைத் திறந்தா உஸ்ஸுன்னு இழுத்துச்சு. பிளக்கும் காஞ்சுதான் இருந்துச்சு. மூடியில துளையே தெரியலை.

#9 மஞ்சிமில்_யெஸ்டி

மூடி அடியில ரப்பர் வாஷரும் தகடும் இருக்கும். வாஷரைக் கழட்டுங்க, துளை அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுருக்கும். கார்பரேட்டர் கிளீனர் ஊத்தி ஊற வெச்சு, கிளட்ச் கேபிள்ல ஒரு ஒத்தைக் கம்பியை எடுத்துக் குத்துங்க. டிரில் போட்டுப் பெருசாக்காதீங்க, அப்புறம் பிரேக் அடிக்கறப்பல்லாம் பெட்ரோல் டேங்க் மேல வழியும். புது வாஷர் வாங்குனாலும் துளைக்கு நேரா வெட்டு இருக்குதான்னு பாத்து மாட்டோணும்.

#10 சிங்காநல்லூர்_லேத்

இ20க்கும் ஆயில் கலவைக்கும் சம்பந்தம் இல்லை. அதுக்கும் ஜெட்டுக்கும்தான் (கார்பரேட்டர்ல பெட்ரோலை அளந்து விடற துளைத் திருகு) சம்பந்தம். ஒரு கிலோ வெறும் பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிலோ காத்து வேணும். இ20க்கு 13.5 வாக்குல போதும். பழைய ஜெட்டையே வெச்சுருந்தா எஞ்சினுக்குக் கிடைக்கற கலவை கிட்டத்தட்ட எட்டு சதம் மெலிசு. நாலு ஸ்ட்ரோக் புல்லட்டுல சைலன்சர் லேசா வெடிக்கும், சூடு கூடும். டூ ஸ்ட்ரோக்ல பிஸ்டன் புடிக்கும்.

மிகுனி வகை கார்பரேட்டர்னா மெயின் ஜெட் ஒரு படி ஏத்துங்க, 100 இருந்தா 105. நடு ஆக்சிலேட்டர்ல மெலிசா இருந்தா ஊசி கிளிப்பை ஒரு வரை கீழ இறக்குங்க, ஊசி மேல வரும், பெட்ரோல் கூடும். அப்புறம் பிளக் வெட்டிப் பாக்கோணும்: காலியான ரோட்டுல மூணாவது கியர்ல முழு ஆக்சிலேட்டர், ஒரு கிலோமீட்டர் கிட்ட, ஆக்சிலேட்டரைக் குறைக்காமயே கிளட்சைப் புடிச்சு இக்னிஷனை ஆஃப் பண்ணுங்க. உருண்டு நின்னதும் பிளக்கைக் கழட்டிப் பாருங்க. நடு பீங்கான் காப்பித்தூள் நிறமா இருந்தா சரி. சுண்ணாம்பு வெள்ளையா, ஓரத்துல மணி மணியா இருந்தா இன்னொரு படி ஏத்தோணும். இ20ல நிறம் எப்பவும் ஒரு சாயல் வெளுப்பாத்தான் காட்டும், அதைக் கழிச்சுக்கிட்டுப் படிங்க.

யெஸ்டிக்கு ஆயில் லிட்டருக்கு 40 மில்லி. 5 லிட்டருக்கு 200. ஜாசோ எஃப்.சி. அல்லது எஃப்.டி. முத்திரை உள்ள 2டி ஆயில் வாங்குங்க. பங்க்ல முதல்ல ரெண்டு லிட்டர் பெட்ரோல், அப்புறம் அளந்த ஆயில், மேல மிச்சப் பெட்ரோல். வண்டியை ஸ்டாண்டுல நிறுத்தி நாலு ஆட்டு ஆட்டிட்டு காக்கைத் திறங்க. ஆயிலை முதல்லயே ஊத்துனா அது நேரா காக் குழாய்க்குள்ள இறங்கி ஜெட்டை அடைக்கும். ஆர்.எக்ஸ்.100க்கும் ராஜ்தூத் 350க்கும் தனி ஆயில் டேங்கும் பம்ப்பும் உண்டு. பம்ப்பைக் கழட்டி மூடிட்ட வண்டியா இல்லையான்னு ஓட்டறவர் உறுதியாச் சொல்லோணும். வாங்கற வண்டியில பாதிக்கு மேல பம்ப் கழட்டுனதா இருக்குது. தெரியாம வெறும் பெட்ரோல் ஊத்துனா பத்து கிலோமீட்டர் கூடத் தாங்காது.

ரப்பரை மறந்துராதீங்க. எத்தனால் பழைய பெட்ரோல் குழாயை ஊதவெச்சு, உள்பக்கம் உரிச்சு, கறுப்புத் துகளா ஜெட்டுக்கு அனுப்பும். காக் வாஷரும் ஊதும், திருக முடியாமப் போகும். எத்தனால் தாங்கற குழாயா மாத்துங்க, வண்டிக்கு அரை மீட்டர் போதும்.

#11 உப்பாறு_250

பாதுகாப்புக்கு 60 மில்லி ஊத்திக்கலாமே? நாங்க அப்படித்தான் ஊத்தறோம்.

#12 சிங்காநல்லூர்_லேத்

வேண்டாமுங்க. ஜெட் வழியா போறது பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்த அளவு. ஆயில் கூடுனா அந்த அளவுக்குப் பெட்ரோல் குறையும். ஏற்கனவே இ20ல மெலிஞ்ச கலவை இன்னும் மெலியும். பிஸ்டன் தலையிலயும் சைலன்சர் தடுப்புலயும் கரி கட்டி, கொஞ்ச நாள்ல இழுவையும் போகும். பிளக்கும் கறுத்துச் சாகும். 40ஐத் தாண்டாதீங்க.

#13 நாலுவழி

இவ்வளவு பாடு எதுக்கு? மூணு யெஸ்டியையும் 12 வோல்ட் எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாத்தி, வெள்ளை எல்.இ.டி. ஹெட்லைட் போட்டா இருட்டுப் பிரச்சனையே இல்லையே.

#14 ஆறுவோல்ட்

தினமும் ஓட்டற வண்டின்னா நானே மாத்தச் சொல்வேன். இதுல வெட்கப்பட ஒண்ணும் இல்லை. ஆனா பயணத்துக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப மாத்தாதீங்க. புது ரோட்டரைக் கிராங்க் கூம்புல உக்கார வெச்சு, டைமிங் வெச்சு, ஐநூறு கிலோமீட்டர் ஓட்டாம எந்த மாற்றத்தையும் கூட்டத்தோட எடுத்துட்டு வரக்கூடாது. கூம்பு சரியா உக்காரலைன்னா ரோட்டரைப் புடிச்சு நிக்கற சாவித் துண்டு வெட்டுப்பட்டு நடு ரோட்டுல நிக்கும், அதுக்குக் கைவசம் மருந்து கிடையாது. பாயிண்ட் கெட்டா நகவெட்டியிலயும் ஒரு துண்டுத் தாள்லயும் வீடு வந்து சேரலாம்.

பழைய ஹெட்லைட் சட்டியில வெள்ளை எல்.இ.டி. போடறதும் சரியில்லை. அந்தப் பிரதிபலிப்பான் இழை நிக்கற புள்ளிக்கு வளைச்சது. எல்.இ.டி.யில புள்ளி மாறும், ரோட்டுல விழ வேண்டிய வெளிச்சம் எதிர்ல வர்றவன் கண்ணுல விழும். பூச்சி பறக்கற நேரத்துலயும் மஞ்சி (தேங்கா நார்) புழுதியிலயும் வெள்ளை வெளிச்சம் திரை போட்ட மாதிரி திரும்பி நம்ம கண்ணுலயே அடிக்கும்.

#15 வார்ப்பு350

புல்லட் ரெண்டுக்கு நான் சொல்றேன்.

பல நாள் நின்ன வண்டின்னா ஆயில் டேங்குல இருக்கற ஆயில் கீழ கிராங்க் பக்கம் இறங்கிக் கிடக்கும். அப்படியே ஸ்டார்ட் பண்ணுனா புகை மண்டும். கீழ வடிகால் போல்ட்டைக் கழட்டி வடிச்சு, புது 20டபிள்யூ50 ஊத்துங்க. டேப்பட் (வால்வு இடைவெளி) பாக்கறது எஞ்சின் ஆறியிருக்கறப்ப மட்டும்: பிஸ்டன் அமுக்க மேல்நிலையில, புஷ் ராடை ரெண்டு விரல்ல சுத்துனா சுலபமா சுத்தோணும், மேலயும் கீழயும் ஆட்டுனா ஆட்டம் இருக்கக்கூடாது. இடைவெளி பூஜ்யம்னா அர்த்தம் அதுதான்.

கிக் அடிக்கற முறை: இக்னிஷனைப் போடுங்க. ஆம்மீட்டர் முள்ளு இடது பக்கம் சாயும். கிக்கரை மெல்ல அமுக்கிட்டே வாங்க. பாயிண்ட் திறக்கற நொடியில முள்ளு "சடக்"குன்னு நடுவுக்கு வரும். அங்க நிறுத்தி, டிகம்ப்ரஸரை (சிலிண்டர் அமுக்கத்தை வெளிய விடற லிவர்) இழுத்துக்கிட்டு ஒரு அங்குலம் போல தாண்ட விட்டு, டிகம்ப்ரஸரை விடுங்க. கிக்கரை மேல கொண்டு வந்து, காலை முழுசா ஒரே மூச்சுல இறக்குங்க. முள்ளைப் பாக்காம அடிச்சா எஞ்சின் எதிர்த்து உதைக்கும், கணுக்கால் போகும். சூடா இருக்கறப்ப சோக் வேண்டாம், ஆக்சிலேட்டரும் வேண்டாம்.

டீக் கடையில "ஒரு ரவுண்டு குடுப்பா"ன்னு வண்டி மாத்திக்கறது நடக்கும். இந்தப் பயணத்துல வேண்டாமுங்க. வலது கியர் புல்லட்டுல முதல் கியர் மேல, மிச்சம் மூணும் கீழ, பிரேக் இடது கால்ல. யெஸ்டிக்காரர் அவசரத்துல வலது காலை அமுக்குனா பிரேக் புடிக்காது, கியர் விழுகும். மயில் குறுக்க வந்தா அந்த அரை நொடிதான் எல்லாம்.

#16 கடைசிவண்டி

வரிசை: முன்னாடி 12 வோல்ட் யெஸ்டி, வழி தெரிஞ்சவர். அவருக்குப் பின்னாடி உடனே இருக்கறதுலயே மெதுவான வண்டி. இங்கதான் தப்பு பண்றாங்க, மெதுவான வண்டியைக் கடைசிக்குத் தள்ளுவாங்க. கடைசி வண்டிக்கு முன்னாடி இருக்கறவங்க கண்ணுக்குத் தெரியாமப் போனதும் அது எட்டிப் புடிக்க முடுக்கும், முடுக்குனா எஞ்சின் புடிச்சுக்கும். ரெண்டாவதா விட்டா மொத்தக் கூட்டமும் அது வேகத்துக்குப் போகும். நடுவுல 6 வோல்ட் யெஸ்டி ரெண்டு, ஆர்.எக்ஸ்., ஒரு புல்லட். கடைசியில ராஜ்தூத் 350. அந்த இரட்டை சிலிண்டர் நின்னவங்களுக்கு உதவிட்டு எட்டிப் புடிக்கும். ஸ்பேனர் பை அவர்கிட்டத்தான் இருக்கோணும், முன்னாடி போறவர்கிட்ட இருந்து பிரயோஜனம் இல்லை. ஆனா முன்னாடி போறவர் 50ஐத் தாண்டக்கூடாது, ராஜ்தூத்தை மெதுவாவே ஓட்டுனா பிளக் கறுக்கும். அதனால மாத்துப் பிளக் ரெண்டு அதுக்குத் தனியா வெக்கோணும்.

இடைவெளி மூணு நொடி. டிரம் பிரேக் டிஸ்க் மாதிரி நிக்காது. முன்னாடி போறவர் ஒரு புளியமரத்தைத் தாண்டுனா மூணு எண்ணி நீங்க தாண்டோணும். நேர் பின்னாடி போகாதீங்க, சித்த விலகிப் போங்க, டூ ஸ்ட்ரோக் புகையும் மூஞ்சில வராது. ஒவ்வொருத்தரும் தனக்குப் பின்னாடி வர்ற ஒரு லைட்டைக் கண்ணாடியில பாத்துட்டே வரோணும். அது தெரியலைன்னா வேகத்தைக் குறைங்க, நில்லுங்க. அந்த ஒரு விதி இருந்தா போன் தேவைப்படாது.

கிளம்பறதுக்கு முன்னாடி பிரேக்கை அமுக்கிட்டு டிரம் பக்க நெம்புகோலைப் பாருங்க. கம்பிக்கும் நெம்புகோலுக்கும் செங்கோணம் வரைக்கும் நல்லது. அதைத் தாண்டிப் போச்சுன்னா ஷூ தேஞ்சுருச்சு, இன்னும் திருகி இறுக்கறதுல பலன் இல்லை.

#17 பாயிண்ட்செட்

பையில என்ன இருக்கோணும்னு கேப்பீங்க. பிளக் வண்டிக்கு ஒண்ணு, பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ், ஒரு கண்டென்சர், கண்ணாடி ஃபியூஸ் நாலு, 6 வோல்ட் பல்பு ரெண்டு. கிளட்ச் கேபிள் ஒவ்வொரு மாடலுக்கும் ஒண்ணு. அதுகூடத் திருகு வெச்ச நெப்பிள் நாலு இருந்தா எந்தக் கேபிள் அறுந்தாலும் சமாளிக்கலாம். புல்லட்டுக்கு செயின் லாக் லிங்க்: கிளிப்போட மூடின பக்கம் செயின் ஓடற திசையைப் பாக்கோணும், மாத்திப் போட்டா கல் தட்டிக் கழண்டுரும். புல்லட்டுக்கு 19 அங்குல டியூப், மத்ததுக்கு 18. ஒரே டியூப் எடுக்க இடம் இருந்தா 18 எடுங்க. 18ஐ 19ல இழுத்துப் போட்டு வீடு வரலாம், 19ஐ 18ல போட்டா மடிஞ்சு கிழியும். டயர் லீவர் மூணு, கைப் பம்ப், அரை லிட்டர் 2டி ஆயில், தலையில மாட்டற டார்ச். கையில புடிக்கற டார்ச் வேண்டாம், பாயிண்ட் வெக்க ரெண்டு கையும் வேணும்.

#18 பழையஆர்சி

பேப்பர் பத்தி ஒரு வார்த்தை. 15 வருஷம் தாண்டின வண்டிக்கு ஆர்.சி. அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கோணும். பச்சை வரி, புகைச் சான்று, மூணாம் நபர் இன்சூரன்ஸ் எல்லாம் நடப்புல இருக்கோணும். 2021ல வந்த விண்டேஜ் பதிவு 50 வருஷம் தாண்டின வண்டிக்குத்தான், புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனா அந்தப் பதிவு எடுத்த வண்டியை வழக்கமா ரோட்டுல ஓட்டக்கூடாது. கண்காட்சி, ரேலி, பராமரிப்புக்குத்தான். பொழுதோட ஆழியாறு போறதுக்கு அது ஒத்து வராது. சாதாரண ஆர்.சி.யையே உயிரோட வெச்சுக்கோங்க.

#19 கிணத்துக்கடவு_கியர்

ரொம்ப நன்றிங்க. திட்டம் மாத்தியாச்சு. ஆடியில ஆழியாறு, திருமூர்த்தி மாசியில. பொள்ளாச்சி 4:15, அணை 5:10, 5:45க்குத் திரும்பறது, 6:40க்குள்ள பொள்ளாச்சி. 6 வோல்ட் வண்டிக்கு லைட்டே போட வேண்டி வராது, ஆனா எர்த் வயரும் எல்.இ.டி. பின் விளக்கும் போட்டுடறோம். மேல அட்டகட்டி வரைக்கும் ஏறிப் பாக்கலாம்னு ரெண்டு பேர் கேக்கறாங்க.

#20 மஞ்சிமில்_யெஸ்டி

மலை ஏறாதீங்க. வால்பாறை ரோட்டுல 40 கொண்டை ஊசி. ஏறறது கூடப் பரவாயில்லை. இறங்கறப்ப ஆக்சிலேட்டரை மூடிட்டு எஞ்சின் பிரேக்ல வந்தா எஞ்சின் வேகமா சுத்தும், பெட்ரோல் வராது, கூடவே ஆயிலும் வராது. கலவை ஊத்தற யெஸ்டிக்கு அதுதான் எமன். இறக்கத்துல அப்பப்ப ஆக்சிலேட்டரை ஒரு திருகு திருகி ஆயிலை உள்ள விட்டுட்டே வரோணும். கூட்டத்துல அது பழகாதவங்க இருப்பாங்க. அணையோட நிறுத்திக்கோங்க.

டீ குடிக்க நிறுத்துனதும் மூணு யெஸ்டிக்கும் பெட்ரோல் காக்கை மூடுங்க. ஃப்ளோட் ஊசியில ஒரு துரும்பு இருந்தாலும் அரை மணி நேரத்துல கிராங்க் அறைக்குள்ள பெட்ரோல் நிறைஞ்சுரும். திரும்பக் கிளம்பறப்ப காக்கைத் திறந்து அரை நிமிஷம் பொறுத்து, கியர் லிவரை உள்ள அமுக்கி மேல தூக்கி கிக் அடிங்க. அந்த லிவர் முழுசா பழைய இடத்துக்குத் திரும்பி விழுந்துச்சான்னு பாத்துட்டு கியர் போடுங்க.

#21 காத்தாடிக்காடு

நேரம் சரியா வருது. ஞாயித்துக்கிழமையை மாத்துனாலும் வியாழக்கிழமை மட்டும் வெக்காதீங்க, பொள்ளாச்சி சந்தை. மட்டை லாரியும் மாட்டு வண்டியும் சாயங்காலம் அந்த ரோட்டுலதான் திரும்பும். மஞ்சி மில் ஓரமா போயிட்டு வந்த அன்னிக்கு ராத்திரியே ஏர் ஃபில்டரைக் கழட்டித் தட்டுங்க. நார் உள்ள போய் ஒட்டிக்கிச்சுன்னா மறுநாள் கலவை கனத்து பிளக் கறுக்கும், அதைப் பாத்துட்டு ஏத்துன ஜெட்டை யாராவது மறுபடி இறக்கிருவீங்க.